கொடி எதைப் பிடித்து ஏறுகிறது?

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மேற்கே குழித்துறை வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர்கூட இராது. அந்தத் தொலைவுக்குள் கொடிகளின் வாழ்க்கை முழுக்க மாறிவிடுகிறது. முப்பந்தலில் ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுக்கு எந்தக் கொடியும் தலை நிமிர்வதில்லை. கோவையும் முடக்கத்தானும் பிரண்டையும் வேலியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தோவாளையில் பிச்சி இடுப்பளவுக்கு வெட்டிவிடப்பட்டுப் புதராக நிற்கும். நாகர்கோவிலையும் தக்கலையையும் தாண்டிவிட்டால் பலாவிலும் அயனியிலும் தென்னையிலும் நல்லமிளகு இருபதடி உயரத்துக்கு ஏறியிருக்கும். மாவட்டம் ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்யும். ஆனால் மேற்கே விளவங்கோடும் கல்குளமும் நனைகிற அளவுக்குக் கிழக்கே தோவாளையும் அகத்தீஸ்வரமும் நனைவதில்லை.

வீட்டில் கொடி வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நர்சரிக்குப் போய்ப் பூவின் நிறத்தைப் பார்த்து வாங்கி வருகிறார்கள். வளர்ந்த பிறகு அது ஏன் ஏறவில்லை, ஏன் பூக்கவில்லை, ஏன் சுவர் ஈரம் கட்டுகிறது என்று யோசிக்கிறார்கள். பூவைப் பார்ப்பதற்கு முன்னால் அது எதைக் கொண்டு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தண்டாலா, பற்றுக்கம்பியாலா, வேராலா, முள்ளாலா? அது தெரிந்துவிட்டால் எந்த ஊன்று, எந்தப் பக்கம், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

அதற்கும் முன்னால், கொடி ஏன் கொடியாக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு மரம் தான் தயாரிக்கும் மாவுப்பொருளில் கணிசமான பங்கை அடிமரத்துக்கே செலவிடுகிறது. தன் எடையைத் தாங்கி நிற்க அதற்கு வேறு வழி இல்லை. கொடி அந்தச் செலவைச் செய்வதில்லை. நிற்கும் பொறுப்பை இன்னொன்றின் மேல் போட்டுவிட்டு, கையில் இருப்பதையெல்லாம் நீளத்துக்கும் இலைக்கும் கொடுத்துவிடுகிறது. விதை போட்ட இரண்டு மாதத்தில் சுரைக்கொடி ஒரு பந்தலையே மூடுவது இதனால்தான்.

ஆனால் அத்தனை இலைக்கும் விரல் தடிமன் உள்ள தண்டு வழியாகத்தான் தண்ணீர் போக வேண்டும். ஆகவே கொடித்தண்டின் நீர்க்குழாய்கள் மரங்களில் இருப்பவற்றைவிட அகலமானவை. ஒரு குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் வழியே ஓடும் நீர் பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல். கொடிக்குக் கிடைத்த பெரிய அனுகூலம் அது. அதே அகலம்தான் அதன் பலவீனமும். மண் காய்ந்து இலை மட்டும் நீரை இழுத்துக்கொண்டே இருந்தால், அகலமான குழாய்க்குள் நீர் அறுபட்டுக் காற்று புகுந்துவிடும். அந்தக் குழாய் அதற்குப் பிறகு தண்ணீர் ஏற்றாது. சித்திரை வெயிலில் பீர்க்கும் சுரையும் நண்பகலில் இலை தொங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்ற ஓட வேண்டாம். மாலையில் இலை நிமிர்ந்துவிட்டால் வேரில் ஈரம் போதும் என்று பொருள். விடிந்த பிறகும் வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கொடிக்குத் தலை வெயிலில் இருக்க வேண்டும், கால் நிழலில் இருக்க வேண்டும். தடத்தைச் சுற்றித் தேங்காய்க் கதம்பையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே தென்னோலையைப் போட்டு மூடும் பழக்கம் நம் ஊரில் உண்டே, அதைவிட நல்ல மூடாக்கு எனக்குத் தெரியாது.

கொடிகளின் பிடியை முதன்முதலில் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே 1858-இல் பற்றுக்கம்பிகள் சுருளுவதைப் பற்றி எழுதிய சிறு குறிப்பு அவருடைய ஆர்வத்தைத் தூண்டியது. 1865-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரையாக எழுதினார். 1875-இல் அது நூலாகவும் வந்தது. உடல்நலமில்லாமல் அறைக்குள் முடங்கிக் கிடந்த நாட்களில், தொட்டியில் வளர்ந்த ஒரு ஹாப் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் பார்த்தார். வெப்பமான பகல் நேரத்தில் அதன் நுனி காற்றில் ஒரு முழுச் சுற்றை முடிக்கச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் எடுத்துக்கொண்டது. எதன் மீதும் மோதாதவரை கொடி சுற்றித் துழாவிக்கொண்டே இருக்கிறது என்பதை அவர் அப்படித்தான் கண்டார். நம் வீட்டுப் பயற்றங்கொடியின் நுனியையும் இப்படிப் பார்க்கலாம். காலையில் நுனி காட்டும் திசையில் ஒரு ஈர்க்குச்சியை நட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனால் நுனி வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

டார்வின் பிரித்த வகைகள் இன்றைக்கும் செல்லும். அவரை, பயறு, காச்சில் கிழங்கு, சங்குப்பூ ஆகியவை தண்டாலேயே சுற்றிக்கொள்கின்றன. பாகல், புடல், பீர்க்கு, சுரை, கோவை முதலியவற்றுக்குப் பற்றுக்கம்பி இருக்கிறது. நல்லமிளகும் வெற்றிலையும் கணுவில் முளைக்கும் வேரால் ஒட்டிக்கொள்கின்றன. பிச்சி, முல்லை, காகிதப்பூ ஆகியவற்றுக்கு உண்மையில் பிடிமானமே கிடையாது. அவை நீண்டு வளர்ந்து அடுத்ததன் மேல் சாய்கின்றன, அவ்வளவுதான். காகிதப்பூ தன் முள்ளால் கொஞ்சம் கொக்கி போட்டுக்கொள்ளும்.

பற்றுக்கம்பியின் நுட்பம் வியப்பானது. தொட்டால் உணரும். சில தாட்பூட் இனங்களின் கம்பி தொட்ட அரை நிமிடத்துக்குள் வளையத் தொடங்குவதை டார்வின் பதிவு செய்திருக்கிறார். மெல்லிய நூல் மேலே கிடந்தாலும் வளையும். ஆனால் மழைத்துளி விழுந்தால் வளையாது! மழையின் ஒவ்வொரு துளிக்கும் சுருண்டுகொண்டிருந்தால் கொடி ஏறவே முடியாது. சொரசொரப்பான திடப்பொருள் தோலில் உரசும்போது மட்டுமே அதன் உணர்வு விழிக்கிறது.

பிடித்த பிறகு நடப்பது இன்னும் அழகு. ஒரு முனை ஊன்றில், மறுமுனை கொடியில் இருக்க, நடுப்பகுதி சுருளாகி இறுகிக் கொடியைத் தன் பக்கம் இழுக்கிறது. இரு முனையும் கட்டப்பட்ட ஒன்றை ஒரே திசையில் முறுக்க முடியாது. அதனால் பாதிச் சுருள் ஒரு பக்கமாகவும் மறுபாதி எதிர்ப்பக்கமாகவும் போக, இடையில் திரும்பும் இடம் ஒன்று தெளிவாகத் தெரியும். பாகற்கொடியில் இதை யாரும் பார்க்கலாம். 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷரோன் ஜெர்போடு, எல். மகாதேவன் முதலியோர் வெள்ளரியின் பற்றுக்கம்பியை அறுத்து ஆராய்ந்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள். கம்பிக்குள் நார்ச்செல்களால் ஆன மெல்லிய நாடா ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. அதன் ஒரு பக்கச் செல்கள் மற்ற பக்கத்தைவிட அதிகமாகச் சுருங்க, கம்பி முழுவதும் சுருளாகிறது. பழைய தொலைபேசியின் சுருள் வயரை இழுத்தால் சுருள் பிரிந்து நேராகும். முதிர்ந்த பற்றுக்கம்பியை இழுத்தால் அது பிரிவதற்கு முன் இன்னும் சில சுற்றுகள் கூடுதலாகச் சுற்றிக்கொள்கிறது. மெல்லிய இழுப்புக்கு இணங்கும், பலத்த இழுப்புக்கு விறைக்கும். காற்று விட்டுவிட்டு அடிக்கும் நாட்டில் காய் தொங்கும் கொடி அறுந்து விழாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு காரணம்.

ஆனால் பற்றுக்கம்பியால் பருமனான எதையும் பிடிக்க முடியாது. கைத்தடிமன் மூங்கிலை ஊன்றிவிட்டுப் பாகல் ஏறவில்லையே என்றால் ஏறாதுதான். பென்சிலைவிட மெல்லியதாக எதையாவது கொடுக்க வேண்டும். காய்ந்த மிலாறு, தென்னை ஈர்க்கு, கயிற்று வலை எதுவானாலும் போதும். மூங்கில் பந்தலைத் தாங்கட்டும். கொடி பிடிக்க அதன் மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும்.

சுற்றிப் படரும் கொடிகளின் தேவை வேறு. அவற்றுக்குச் செங்குத்தான ஊன்று வேண்டும், அதுவும் அளவான பருமனில். தென்னைமரத்தை ஒரு காச்சில் தண்டால் சுற்றி ஏற முடியாது. ஆகவே மரத்தின் கிளையிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டுக் குழியருகே முளையடித்துக் கட்டுவார்கள். நைலான் கயிற்றைவிடக் தென்னைநார்க் கயிறு நல்லது. கொடி கயிற்றை நெருக்கிப் பிடித்து நிற்பது உராய்வை நம்பித்தான். வழவழப்பான நைலானில் மழை பெய்தால் முழுக்கொடியும் சரிந்து கீழே வந்துவிடும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதில் ஒரு புதிர் இருக்கிறது. கொம்பின் முன்னால் நின்று பாருங்கள். தண்டு இடப்புறக் கீழிருந்து வலப்புற மேலாகப் போனால் அது வலச்சுற்று. உலகின் பல காடுகளில் சுற்றுக்கொடிகளை எண்ணிப் பார்த்து 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 92 கொடிகள் வலச்சுற்றாகவே ஏறுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தெற்கே என்ற வேறுபாடு இல்லை. சூரியன் போகும் திசையைப் பின்பற்றிக் கொடி சுற்றுகிறது என்ற பழைய கருத்து இதனால் அடிபட்டுப்போயிற்று. காரணம் செல்லுக்குள் இருக்கும் நுண்ணிழைகளின் சாய்மானத்தில் இருப்பதாகக் கருதுகிறார்கள். நமக்கு இதில் சுவையான விஷயம், இந்த இரண்டு திசைகளையும் ஒரே புரையிடத்தில் பார்க்கலாம் என்பது. காச்சில் வலச்சுற்று. சிறுவள்ளிக்கிழங்கு, நனகிழங்கு என்றும் சொல்வார்களே, அது இடச்சுற்று. இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள். இலை மட்டும் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்கள் சுற்றுத் திசையைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடலாம். காச்சிலின் தண்டு நான்கு பட்டையாக, ஓரத்தில் மெல்லிய இறகு வைத்திருக்கும். சிறுவள்ளியின் தண்டில் முள் இருக்கும்.

சின்னப் பிள்ளைகள் கொடியின் மேல் பரிவு கொண்டு எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் ஒரே நாளில் நுனி பிரிந்து தன் வழிக்குத் திரும்பிவிடும். ஆகவே கொடியைக் கயிற்றில் ஏற்றிவிடும்போது அதன் போக்கிலேயே ஏற்றிவிட வேண்டும். காச்சிலுக்கு ஊன்று கொடுக்கவே இடமில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகார்யத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ தன்யா என்ற குட்டை ரகத்தைக் கொடுத்திருக்கிறது. ஆப்பிரிக்க வெள்ளைக் காச்சிலிலிருந்து வந்த அந்த ரகம் புதராகவே நின்று கிழங்கு வைக்கும்.

இனி நல்லமிளகு. குமரி மாவட்டத்தில் வேறு எந்தக் கொடிக்கும் இவ்வளவு வரலாறு கிடையாது. 1741 ஆகஸ்டு 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அந்தப் பகைக்கு அடியில் இருந்தது மிளகு வணிகம்தான். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. போர்ச்சுக்கீசியர் மிளகுக்கொடியையே கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று முறையிட்டபோது, ‘கொடியைக் கொண்டுபோகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா?’ என்று கேட்டாராம். சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் இருக்கும், ஜூன் பின்பாதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் விழும் அந்த இரண்டு வார மழையைத்தான் அப்படிச் சொல்கிறோம். கதை உண்மையோ இல்லையோ, அதில் தாவரவியல் இருக்கிறது. மாசி, பங்குனியில் கொடி காய வேண்டும். அதற்குப் பிறகு மழை சேர்ந்தாற்போல் விழுந்தால் புதுத்தளிரும் கூடவே பூக்கதிரும் வரும். கோடையிலும் தினமும் நனைத்துக்கொண்டே இருக்கும் மிளகு இலை விட்டே காலம் கழிக்கும். இன்று உலகில் அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அங்கேயும் காய்ச்சலும் மழையும் முறைவைத்து வருகின்றன.

மிளகுக்கொடியில் மூன்று விதத் தண்டு இருப்பதைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும். மேல்நோக்கி ஏறும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டு மரத்தில் ஒட்டும். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளைகளில்தான் கதிர் வரும். அந்தக் கிளைகளில் பிடிவேர் இருக்காது. மூன்றாவது, அடியிலிருந்து கிளம்பித் தரையில் ஓடும் தண்டு. நடுவதற்கு எடுக்க வேண்டியது ஓடுதண்டை. மாசி, பங்குனியில் வெட்டி இரண்டு மூன்று கணுவுள்ள துண்டாக்கிப் பையில் வேர்விடச் செய்தால் ஆனி மழைக்குத் தயாராகிவிடும். பக்கக் கிளையை நட்டால் அது ஏறவே ஏறாது. தாய்க்கொடியில் தான் எந்த வேலையைச் செய்ததோ அதையே தனிச் செடியான பிறகும் செய்துகொண்டு, தரையில் புதராக நின்று காய்க்கும். இந்தக் குற்றுமிளகை மாடித் தொட்டியில் வைக்கலாம். இடமில்லாத நகர வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ரகத்தை நிழலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கண்ணூர் மாவட்டம் பன்னியூரில் உருவாகி 1971-இல் வெளிவந்த பன்னியூர்-1 உலகின் முதல் கலப்பின மிளகு. நீண்ட கதிரும் பருமனான மணியும் உள்ளது. ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும். அடர்ந்த தோப்புக்குள் அதை நட்டு ஏமாந்தவர்கள் பலர். தென்னந்தோப்பின் நிழலுக்குக் கரிமுண்டா பொருந்தும்.

கொடியை மரத்தின் வடக்குப் பக்கம் நட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு வானியல் காரணம் இருக்கிறது. இது எல்லாக் கொடிக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குமரிமுனை நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறது. நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் பிறக்கும் சமயத்திலும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் சூரியன் சற்று வடக்கே நிற்கும், ஆனால் அப்போது மேகம் உண்டு. மழை ஓய்ந்து வானம் வெளுத்த தை, மாசி மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அந்த வெயில் இளங்கொடியின் தண்டைச் சுட்டுவிடும். வடக்கே நட்ட கொடிக்கு அப்போது அடிமரமே நிழல் தருகிறது.

அதே கணக்கில் இன்னொன்றும் விளங்கும். டிசம்பரில்கூட நம் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 32 டிகிரிக்கு மேல் சாய்வதில்லை. லண்டனில் அதே நாளில் 75 டிகிரி சாய்ந்து, அடிவானத்துக்கு அருகிலேயே வந்து போய்விடும். அங்கே தெற்குச் சுவரில் செங்குத்தாகச் சட்டம் அடித்துக் கொடி ஏற்றுவது புத்திசாலித்தனம், வெயில் பக்கவாட்டில் வருகிறது. நமக்கு வெயில் மேலிருந்து வருகிறது. ஆகவே நம் முன்னோர் பந்தலைப் படுக்கையாகப் போட்டார்கள். ஆறடி உயரத்தில் விரிந்து கிடக்கும் பந்தலின் ஒவ்வொரு இலைக்கும் வெளிச்சம் கிடைக்கும், காய் கீழே நிழலில் தொங்கும், பறிக்கக் கை எட்டும், அடியில் சேம்பும் இஞ்சியும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுச் செங்குத்து வலையில் பாகலும் பீர்க்கும் ஏற்றுகிறவர்கள் மேல்வரிசையில் மட்டும் காய் எடுப்பதில் ஆச்சரியமில்லை. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்குத்து வலைக்கு இன்னொரு பகையும் உண்டு. ஆடிக் காற்றுக்கு அது பாய்மரமாகிவிடும். அங்கே பந்தலை நாலரை, ஐந்து அடிக்குத் தாழ்த்திவிட்டு, மேற்கே அகத்தியோ வாழையோ வரிசையாக வைத்துக் காற்றைத் தணிப்பது நல்லது. செங்குத்து வலைக்கு வீட்டில் ஒரே ஒரு நல்ல இடம் உண்டு, பிற்பகல் வெயில் அறையும் மேற்குச் சுவர். அதற்கு ஓரடி தள்ளி வலை கட்டிக் கொடி படரவிட்டால் சுவர் சூடேறுவது நன்றாகக் குறையும்.

மிளகுக்கு ஊன்று மரமாகப் பழைய காலத்தில் முள்முருக்கைத்தான் நட்டார்கள். கிளையை வெட்டி நட்டால் வளரும், காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், பட்டை சொரசொரப்பு. 2005 வாக்கில் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள குளவி ஒன்று வந்து சேர்ந்தது. இலையிலும் குருத்திலும் முடிச்சு முடிச்சாக வீங்கி மரங்கள் பட்டன. மரத்தோடு கொடிகளும் சாய்ந்தன. இன்று சீமைக்கொன்னை, அயனி, பலா என்று கலந்து ஏற்றுகிறார்கள். ஒரே இன மரத்தை நம்பாமல் இருப்பது வீட்டுத் தோட்டத்துக்கும் நல்லது. மிளகின் இன்னொரு பகை வாடல் நோய். மழைக்காலத்தில் மண்ணிலிருந்து தெறிக்கும் நீரோடு பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் அடித்தண்டில் ஏறினால் சில வாரங்களில் கொடி முழுவதும் உதிர்ந்துவிடும். மழைக்கு முன்னே தரையில் ஓடும் தண்டுகளைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும், அடியில் நீர் தேங்கவிடக் கூடாது, ஒரு சதவீத போர்டோ கலவையைத் தெளிக்க வேண்டும். நோய் கண்ட பிறகு செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

பிடியைப் பற்றிப் பேசும்போது மணி பிளாண்ட்டையும் பார்க்க வேண்டும். பாட்டிலில் வெற்றிலையளவு இலை விடும் அதே செடி, குமரித் தோப்புகளில் தென்னையில் ஏறிவிட்டால் முறத்தளவு இலை விட்டு, இலை நடுவே கிழிந்தும் நிற்கும். வேரூன்றி மேலே ஏற ஏற இலை பெருக்கும் இயல்பு அதற்கு. தொங்கவிட்டால் இலை சிறுத்துவிடும். அதன் குடும்பத்தைச் சேர்ந்த மான்ஸ்டெரா இனம் ஒன்றை 1975-இல் ஸ்ட்ராங், ரே என்ற இருவர் கோஸ்டாரிகாக் காட்டில் ஆராய்ந்தார்கள். முளைத்த கன்று வெளிச்சத்தைத் தேடாமல், பக்கத்தில் இருக்கும் இருண்ட அடிமரத்தை நோக்கித் தரையில் ஊர்ந்து போனது. மரத்தைத் தொட்ட பிறகே வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது.

வேரால் ஒட்டும் கொடிகளை வீட்டுச் சுவரில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொடி அத்தி சுவரை அழகாக மூடும், உண்மை. அதன் வேர்கள் பசை கசியவிட்டு ஒட்டுவதால் பிய்த்தால் சுண்ணாம்பும் சேர்ந்தே வரும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் ஈரம் காயாத சுவர் சீக்கிரம் கெடும்.

காய்க்கொடிகளில் பலருக்கும் வரும் கவலை, பூ வந்து கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை என்பது. பாகல், புடல், பீர்க்கு, சுரை எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, முதலில் வருவது ஆண்பூ. அது கொட்டத்தான் செய்யும். பெண்பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். கடும் வெயிலில் ஆண்பூக்கள் கூடிவிடும், யூரியாவை அள்ளிப் போட்டாலும் அப்படியே. பெண்பூ வந்தும் பிஞ்சு கருகினால், மகரந்தம் வந்து சேரவில்லை என்று பொருள். இங்கே நேரம் முக்கியம். பாகலும் வெள்ளரியும் அதிகாலையில் மலரும், தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். பீர்க்கு மாலை ஐந்துக்கு மேல் மலரும். சுரையும் புடலும் இருட்டும் நேரத்தில் வெள்ளையாக விரிந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும். காலையில் எழுந்துபோய் சுரைப்பூவுக்கு மகரந்தம் தொட்டு வைப்பதைவிட முந்தின மாலையே ஓர் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிவிடுவது பலன் தரும்.

தேனீயைப் பற்றிச் சொல்லும்போது மார்த்தாண்டத்தை விட முடியாது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தியபோது பெட்டியில் இந்தியத் தேனீ வளர்ப்பது விளவங்கோட்டு வீடுகளில் பரவியது. 1991-92-இல் தாய் சாக்புரூட் வைரஸ் தாக்கித் தென்னிந்தியாவில் தேனீக் கூட்டங்கள் பெருமளவு அழிந்தன. பிறகு மெல்ல மீண்டன. மாசி, பங்குனியில் ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்புதான் அங்கே தேனின் பெரும்பகுதி. ஆனால் அதில் மகரந்தம் கிடையாது. குஞ்சுகளுக்குப் புரதம் தேடும் தேனீக்களுக்கு வேலியோரக் கோவையும் பந்தல் பாகலும் உணவு கொடுக்கின்றன. அதனால் பூச்சிமருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால் பாகல் பந்தலில் காலையில் தெளிக்கக் கூடாது. பழ ஈக்கு மருந்தே வேண்டாம், பிஞ்சிலேயே காகிதப் பை கட்டிவிட்டால் போதும்.

ஒற்றைக் கொடி வைத்துக் காய் எதிர்பார்க்கக் கூடாத செடி ஒன்றும் உண்டு. சமவெளி வெப்பத்தைத் தாங்குவது மஞ்சள் தாட்பூட் பழம், ஊதா ரகம் மலைக்குரியது. மஞ்சளின் பூ தன் கொடியின் மகரந்தத்தை ஏற்காது. வெவ்வேறு விதையில் முளைத்த இரண்டு கொடியாவது வேண்டும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டும் வர வேண்டும். பட்ட முருங்கைக் கட்டையை எரிக்காமல் தோட்டத்து மூலையில் போட்டுவைத்தால் அது வந்து சேரும். கோவைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆண்கொடி இல்லாமலே காய்க்கும் பெண்கொடிகளைத்தான் துண்டு நட்டு வளர்க்கிறோம்.

அழகுக்கு வைப்பவற்றில் கிழக்குப் பக்கத்தவருக்குக் காகிதப்பூவைவிட நல்லது இல்லை. தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூக்கும். மேற்கே மழையில் இலையாகத் தழைத்து நிற்கும். ரங்கூன் மல்லி எங்கும் வரும். மாலையில் வெள்ளையாக மலர்ந்து அடுத்தடுத்த நாளில் இளஞ்சிவப்பும் சிவப்புமாக மாறும். முதல் இரவு அந்துப்பூச்சிக்கு, மறுபகல் வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும். பிச்சிக்குப் பந்தல் போட்டுத் தூக்கிவிடுவதைவிட டிசம்பர் கடைசியில் நன்றாக வெட்டிவிடுவது முக்கியம். புதுத்தளிரின் நுனியில்தான் அது பூக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். செங்காந்தள் நம் மாநிலப் பூ, இலை நுனியே பற்றுக்கம்பியாக நீளும் அபூர்வக் கொடி. மணற்பாங்கான வேலிகளில் தானே முளைக்கும். அதன் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. உண்ணும் கிழங்கு என்று நினைத்து எடுத்துத் தின்று இலங்கையில் உயிர்விட்டவர்கள் உண்டு. சிறுவள்ளியும் காச்சிலும் வைத்திருக்கும் தோட்டத்தில், குழந்தைகள் உள்ள வீட்டில், அதை நடவே கூடாது. அடுத்தது மிக்கானியா. கேரளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்கிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இது ரப்பர் தோட்டங்களையும் காட்டோரங்களையும் மூடிக்கொண்டு வருகிறது. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ விடும், இலை இதய வடிவம், பார்க்கப் பசுமையாக இருக்கும் என்பதால் சிலர் வேலியில் விட்டுவைக்கிறார்கள். காற்றில் பறக்கும் விதை, மண்ணில் பட்ட கணுவெல்லாம் வேர் என்று இரு வழியிலும் பெருகுவது. கோதையாற்றுக்கும் பேச்சிப்பாறைக்கும் அருகே வீடுள்ளவர்கள் இதைக் கண்டால் பூ விடும் முன்னே வேரோடு இழுத்து, பாறையிலோ சிமென்ட் தரையிலோ போட்டு, ஒரு கணுகூடப் பச்சையாக மிஞ்சாதபடி நன்றாக உலர்த்திவிட வேண்டும்.